"20 ஆயிரம்னாங்க, 16தான் வந்துச்சு": வடசென்னையில் முதல் வேலை தேடுபவர்களுக்கு

டிகிரி முடித்த கையோடு வேலை தேடும் ஒருவரிடம் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், 25 ஆயிரம் என்று சட்டென்று பதில் வரும். அந்த 25 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்துத் தெரு அண்ணன் வாங்குகிறார், இன்ஸ்டாவில் யாரோ சொன்னார், அவ்வளவுதான். மறுபக்கம் மண்ணடி ஆபீஸ் ஒன்று 13 என்கிறது. எம்.சி. ரோடு துணிக்கடை 11 என்கிறது. ஓ.எம்.ஆர். கம்பெனி "டூ பாயின்ட் ஃபோர்" என்கிறது. மூன்றும் மூன்று வகைக் கணக்கு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் நல்ல வேலையை விட்டுவிட்டு மட்டமானதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் 25 வரும்வரை ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வருஷ இடைவெளியை அடுத்த இன்டர்வியூவில் முதல் கேள்வியாகவே கேட்பார்கள்.

"டூ பாயின்ட் ஃபோர்" கைக்கு எவ்வளவு?

ஆண்டுக்கு 2,40,000 என்பது சி.டி.சி. உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு அது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,000 வரும், ஆனால் அது உங்கள் அக்கவுன்டுக்கு வரும் தொகை கிடையாது. அடிப்படைச் சம்பளம் 10,000, வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் சேர்த்து 7,500 என்று வைத்துப் பார்ப்போம்.

மொத்தம் 20,000
கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), அடிப்படையில் 12% – 1,200
கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 17,500-ல் 3.25% – 569
கிராச்சுவிட்டி (பணிக்கொடை), அடிப்படையில் 4.81% – 481
விபத்துக் காப்பீடு – 250
இதெல்லாம் போக கிராஸ் சம்பளம் – 17,500

இனி உங்கள் பங்குப் பிடித்தம்:

பி.எஃப். 12% – 1,200
இ.எஸ்.ஐ. 0.75% – 132
தொழில் வரி – 208
கைக்கு வருவது – 15,960

தொழில் வரியை மாநகராட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவார்கள். அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். சில கம்பெனிகள் மாதாமாதம் பிரித்துப் பிடிக்கும். சில கம்பெனிகள் செப்டம்பரிலும் மார்ச்சிலும் மொத்தமாகப் பிடிக்கும். அந்த மாதம் சம்பளம் குறைந்துவிட்டதே என்று ஹெச்.ஆரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பி.எஃப். பிடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். "பிடித்தம் இல்லாம முழுசா குடுங்க சார்" என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. அது நஷ்டக் கணக்கு. உங்கள் 1,200-க்கு ஜோடியாகக் கம்பெனியும் 1,200 போடுகிறது. இ.எஸ்.ஐ.க்கு மாதம் 132 ரூபாய்தான் போகிறது. அதில் உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் வருமானம் இல்லாத அப்பா அம்மாவுக்கும் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை சிகிச்சை கிடைக்கும். கிராஸ் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு இது உண்டு. 20 பேர் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்பது சட்டம். 40 பேர் உள்ள ஆபீஸில் "நம்மகிட்ட பி.எஃப். எல்லாம் இல்லப்பா" என்றால், அந்த முதலாளி வேறு எதிலெல்லாம் கை வைப்பார் என்று யோசியுங்கள்.

ஆஃபர் லெட்டரில் வேரியபிள் பே, அதாவது வேலையைப் பார்த்துத் தரும் நிச்சயமில்லாத பங்கு, என்ற வரி இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். சி.டி.சி.யில் 10% அதில் போயிருந்தால், முதல் வருஷம் அது வராது என்று வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

எங்கே என்ன கிடைக்கும்

பாரிமுனையில் தொடங்கலாம், ஏனென்றால் வடசென்னைக்காரர்கள் காலடியில் இருந்தும் கண்டுகொள்ளாத வேலை அங்கேதான் இருக்கிறது. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றி, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, மூர் தெரு மாடிகளில் கஸ்டம்ஸ் புரோக்கர் (சுங்க முகவர்) ஆபீஸ்களும் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஆபீஸ்களும் நிறைந்து கிடக்கின்றன. துறைமுகம் இருக்கும்வரை இவற்றுக்கு ஆள் தேவை. பி.காம். முடித்தவருக்கு டாக்குமென்டேஷன் வேலை, பிளஸ் டூ முடித்தவருக்கு ஃபீல்ட் வேலை. தொடக்கம் பெரும்பாலும் 12-லிருந்து 15-க்குள்.

டாக்குமென்டேஷன் வேலை மேஜையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் இன்டர்வியூவில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இறக்குமதிக்காரர் அனுப்பும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பொருளுக்கு 8 இலக்க வரிக் குறியீடு போட்டு, பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி விவரப் படிவம்) கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கன்டெய்னர் நம்பர் என்பது 4 எழுத்து, 7 எண். கடைசி எண் சரிபார்ப்பு எண். அதில் ஒரு எண் மாறிப்போனால் திருத்தம் கேட்டு எழுத வேண்டும். அதற்குள் ஷிப்பிங் லைன் கொடுத்த இலவச நாட்கள் தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் கன்டெய்னருக்கு வாடகை ஏறும், யார்டிலும் தனியாக ஏறும். அதனால்தான் இந்த ஆபீஸ்களில் சுறுசுறுப்பானவரை விடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவருக்கு மதிப்பு.

13-ல் ஆரம்பிக்கும் இந்த வேலையில் ஏணி இருக்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர் ஊழியர்களுக்கு ஹெச் கார்டு, ஜி கார்டு என்று அடையாள அட்டைகள் உண்டு. ஜி கார்டுக்குக் கஸ்டம்ஸ் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அந்தக் கார்டு இருப்பவர் ஆவணங்களில் கையெழுத்திடலாம், அதிகாரியிடம் நேரில் பேசலாம். அதற்கப்புறம் சம்பளத்தை நீங்கள் சொல்வீர்கள், அவர்கள் யோசிப்பார்கள். ஆகவே இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி: "சார், ஹெச் கார்டு போட்டுத் தருவீங்களா? ஜி கார்டு எழுத அனுப்புவீங்களா?"

எம்.சி. ரோடு, வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகள்: 10-லிருந்து 14 வரை. ரம்ஜான், தீபாவளி, பொங்கல் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். தீபாவளிக்கென்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே கடை ஏறிக் கேளுங்கள். 10, 11 மணி நேரம் நிற்கும் வேலை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். கடைக்குள் நுழையும்போது ஸ்டூல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அந்தக் கடை எப்படிப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடும்.

எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள்: ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு ட்ரெய்னி அல்லது கான்ட்ராக்ட், 14-லிருந்து 18. கேன்டீன் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் இருந்தால் அதையே மாதம் 2,500 ரூபாய் என்று சேர்த்துக்கொள்ளலாம். ஓவர்டைமுக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். கான்ட்ராக்டர் வழியாகச் சேர்ந்தால் பேஸ்லிப் யார் பேரில் வரும், ஷூவுக்கும் யூனிஃபார்முக்கும் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அப்ரன்டிஸ் பற்றி ஒரு தப்புக் கணக்கு வீட்டுக்கு வீடு உண்டு. அது ரயில்வே வேலை அல்ல, பயிற்சி. 2025-ல் 1,010 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வு கிடையாது, மார்க் அடிப்படையில் எடுக்கிறார்கள். உதவித்தொகை பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000. சம்பளமாகப் பார்த்தால் கம்மி. ஆனால் முடித்தவர்களுக்கு ரயில்வே லெவல் 1 (தொடக்க நிலைப் பணி) நேரடி நியமனத்தில் 20% ஒதுக்கீடு இருக்கிறது, அதற்காகப் போகலாம். வீட்டு வாடகையே நீங்கள் கட்ட வேண்டிய நிலை என்றால் யோசித்துப் போங்கள்.

பி.பி.ஓ. வாய்ஸ் வேலை (கால் சென்டர்) 13–18. டேலி தெரிந்த அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் 12–15. பெரிய ஐ.டி. கம்பெனிகளின் ஃப்ரெஷர் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருஷங்களாக நிற்கிறது. கோடிங் கோர்ஸுக்கு 80 ஆயிரம் கட்டும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் 4-க்குப் படிக்கிறவர்களுக்கு: இளநிலை உதவியாளர் அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்குகிறது, நல்ல வேலை. ஆனால் 2025 அறிவிப்பில் இருந்தது 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் 14 லட்சத்துக்குப் பக்கத்தில். மாலை 6 மணிக்கு விடும் ஒரு வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வருஷக்கணக்கில் வெறும் படிப்பு என்று இருந்தால் வீட்டிலும் நிம்மதி இருக்காது, படிப்பும் ஓடாது.

டெலிவரி: 24 ஆயிரம் எங்கே போகிறது

பைக் இருந்தால் மாதம் 24 ஆயிரம் சம்பாதிக்கலாம் என்பது பொய்யல்ல. ஆனால் அது வியாபாரத்தில் வரும் கல்லா மாதிரி. ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்றால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 என்றால் நாளைக்கு 245 ரூபாய், 26 நாளைக்கு 6,370. ஆயில், பிரேக், டயர், சர்வீஸுக்கு 1,500 ஒதுக்குங்கள். டேட்டா 350. மிச்சம் 15,780. முன்னால் பார்த்த "டூ பாயின்ட் ஃபோர்" கைக்காசுக்குக் கிட்டத்தட்ட சமம். பி.எஃப். இல்லை, காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் இல்லை, வண்டியும் தேய்கிறது. மூன்று நான்கு மாதம் கைச்செலவுக்கு ஓட்டலாம். இரண்டு வருஷம் ஓட்டினால் பயோடேட்டாவில் எழுத ஒரு வரிதான் இருக்கும். ஓட்டுகிறவர்கள் தமிழ்நாடு கிக் (ஆப் வழி வேலை செய்யும்) தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது.

மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து நாவலூர், சிறுசேரி போய் வர, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை, நாளைக்கு 4 மணி நேரம். வேலை 9 மணி நேரம். ஆக 13 மணி நேரம், 26 நாள், 338 மணி. கைக்கு வரும் 15,960-ல் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் போக 14,960. மணிக்கு 44 ரூபாய்.

மண்ணடியில் கைக்கு 14,000. வேலை 9, போய் வர ஒன்றரை. 273 மணி. பஸ்ஸுக்கு 800 போக 13,200. மணிக்கு 48 ரூபாய்.

பார்க்கக் குறைவான சம்பளம் இங்கே ஜெயிக்கிறது. மிஞ்சும் இரண்டரை மணி நேரத்தில் டேலியோ, டைப்ரைட்டிங் லோயரோ, குரூப் 4-ஓ படிக்கலாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதால் அவர்கள் கணக்கில் போக்குவரத்துச் செலவு இன்னும் குறையும். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒரு வருஷத்தில் உங்களை 22-க்குக் கொண்டுபோகும் என்றால் கணக்கு தலைகீழ். அதை எப்படித் தெரிந்துகொள்வது? ஹெச்.ஆரிடம் கேட்காதீர்கள். அங்கே ஒன்றரை வருஷமாக வேலை செய்யும் ஒருவரை டீக்கடையில் பிடித்துக் கேளுங்கள்.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்க்காரருக்குக் கிண்டி ஒரே ரயிலில் எட்டும் தூரம். போக 40, வர 40 என்றால் மாதம் 2,080 ரூபாய். இதையும் சம்பளத்தில் கழித்துவிட்டே ஒப்பிடுங்கள்.

சர்டிஃபிகேட்டும் இனிஷியலும்

வேலை கிடைத்த பிறகு தலைவலி தருவது பெரும்பாலும் பெயர்தான். பத்தாவது மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ். கார்த்திக்", பான் கார்டில் அப்பா பெயரை விரித்து "கார்த்திக் செல்வம்". மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள். பி.எஃப். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பான் இணையாது, பிறகு பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வரும்.

வேலை தேடத் தொடங்கும் முன் ஆதாரில் பெயரையும் பிறந்த தேதியையும் பத்தாவது மார்க் ஷீட்படி மாற்றுங்கள். இதுவரை பான் எடுக்காதவர்கள் அதன்பின் வருமான வரித் துறை இணையதளத்தில் ஆதாரை வைத்து உடனடி இ-பான் எடுங்கள். காசு கிடையாது, ஆதாரில் உள்ள பெயரே அப்படியே வரும். வங்கிக் கணக்கிலும் அதே பெயர்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "சரிபார்த்துட்டுத் தரோம், ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று கேட்கும் இடத்தில் நகல் மட்டும் கொடுங்கள். வாங்கி வைத்துக்கொண்டால் நடுவில் வேறு வேலைக்குப் போகக் காலைக் கட்டிவிடும்.

பயோடேட்டா ஒரு பக்கம் போதும். முழு முகவரி வேண்டாம், "தண்டையார்பேட்டை மெட்ரோ அருகில், சென்னை 81" என்றால் நேரத்துக்கு வந்து சேருவார் என்பதும் சேர்த்துப் புரியும். ஏரியா பெயரைக் கேட்டதும் முகம் மாறும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழை இணையத்தில் விண்ணப்பித்துக் கையில் வைத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "கடின உழைப்பாளி" என்று எழுதும் இடத்தில் "எக்செல்லில் வி-லுக்கப், பிவட் டேபிள் தெரியும்" என்று எழுதுங்கள். எழுதினால் செய்து காட்டச் சொல்வார்கள்.

சம்பளம் கேட்பது எப்படி

"தம்பி, எவ்ளோ எதிர்பார்க்குறே?"

"உங்க இஷ்டம் சார்" என்றால் இருப்பதிலேயே குறைந்தது கிடைக்கும். "25" என்றால் பேச்சு முடிந்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், கைக்கு 14 வந்தா எனக்குச் சரியா இருக்கும். 13-ல ஆரம்பிச்சாலும் ஆறு மாசம் வேலையைப் பார்த்துட்டு 15 ஆக்குங்க." கைக்கு என்ற வார்த்தை முக்கியம். ஆறு மாதப் பேச்சை அன்று மாலையே வாட்ஸப்பில் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள்: "சார், நீங்க சொன்ன மாதிரி 13, ஆறு மாசத்துல 15. திங்கட்கிழமை வரேன்." பிற்பாடு எடுத்துக்காட்ட அது இருக்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தர வேண்டியது முதலாளியின் கடமை, கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பேசும் எண் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் அது அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்தது. அகவிலைப்படி ஏப்ரல் 1-ல் மாறும். தொழிலுக்குத் தொழில் தொகை வேறு, தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கும்.

யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப் டெபாசிட் எல்லாம் ஒரே மோசடியின் வேறு வேறு பெயர்கள். "போர்ட்ல வேலை, மூணு லட்சம், மேல இடத்துல ஆள் இருக்கு" என்று வருபவர் காசிமேட்டிலிருந்து மணலி வரை எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். முறையான வேலைக்கு அறிவிப்பு வரும், விண்ணப்பம் இருக்கும், கட்டணம் இருந்தால் இணையத்தில் ரசீதோடு கட்டுவீர்கள். கம்போடியா, லாவோஸ், மியான்மரில் டேட்டா என்ட்ரி, மாதம் 80 ஆயிரம் என்று விசிட்டர் விசாவில் அழைத்துப் போய் ஆன்லைன் மோசடி செய்ய அடைத்துவைத்த கதைகள் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு நடந்தவை.

"உன் பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் குடு, மாசம் 10 ஆயிரம்" என்பது இன்னொன்று. அந்தக் கணக்கில் வருவது யாரிடமோ ஏமாற்றிய பணம். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பேரிலோ அவர் வீட்டுக்குத்தான். இணையத்தில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

காசில்லாமல் தேட வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம், கிண்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் முகாம்கள், நௌக்ரி, அப்னா, ஷட்டரில் ஒட்டியிருக்கும் "ஆட்கள் தேவை" காகிதம். கடைசியில் சொன்னதை இளக்காரமாக நினைக்க வேண்டாம், தம்பு செட்டித் தெருவில் இன்னும் பாதி ஆபீஸ் அப்படித்தான் ஆள் எடுக்கிறது. காலை 10:30-க்கு மேல் 12-க்குள் போங்கள். அதற்கு முன் முதலாளி வந்திருக்க மாட்டார், அதற்குப் பின் கஸ்டம்ஸ் வேலையில் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

சேர்ந்த பிறகு

முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். பேஸ்லிப்பில் பி.எஃப். பிடித்திருந்தால், உமங் செயலியில் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். அடையாள எண்) போட்டுத் திறந்து பாஸ்புக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு மாதம் தாமதம் சகஜம். மூன்று மாதமாகப் பிடித்தும் ஏறவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், பிறகு பி.எஃப். அலுவலகத்தின் இணையப் புகார்ப் பக்கத்தில் போடுங்கள். சம்பளமே வராவிட்டால் போக வேண்டியது தொழிலாளர் துறைக்கு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பேஸ்லிப், வருகைப் பதிவு, வாட்ஸப் பேச்சு மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்று வாரத்தில் பிடிக்காமல் நின்றுவிடுவது ஒரு பழக்கமாக இருக்கிறது. அந்த மூன்று வாரமும் பி.எஃப். பதிவில் நிற்கும், அடுத்த கம்பெனி கேட்கும். விடுவதென்றால் மெயிலில் எழுதிவிட்டு, நோட்டீஸ் நாட்களை முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு விடுங்கள். விட்ட பிறகு பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்பது இப்போதைய சட்டம். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ" என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.